நாலு விரல் இடைவெளி

கதவு நிலையில் பொருந்தியபோது ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை, பழைய டிரங்குப் பெட்டியின் மூடி விழுவதுபோல ஒன்று. நாலு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். "அரை மணி நேரம், ஆன்ட்டி. யாரும் திறக்கக் கூடாது. இந்த நேரத்துல எப்பவும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கரண்டைச் சோதிக்க வந்திருந்த ஷாஹிதா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதையோ எழுத ஆரம்பித்தாள். இந்த நேரத்தில் பரிமளா எப்போதும் பண்ணுவது சமையலறையில் நின்று காய் நறுக்குவது. நறுக்கிக்கொண்டே அந்தக் கதவின் நாலு விரல் இடைவெளி வழியாகத் தன் கணவர் தணிகாசலத்தின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது. முதல் வேலையைச் செய்யலாம், புடலங்காய் இருக்கிறது, கத்தி இருக்கிறது. இரண்டாவது வேலைக்கு என்ன செய்வது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது. சமையலறைக் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறக்கும். அப்போது உள்ளே கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் வெப்பமானி இருபத்தெட்டுக்குக் கீழே காட்டினால் தணிகாசலம் இந்த வீட்டில் இருப்பார். காட்டாவிட்டால் ஒன்றாம் தேதி காலையில் வண்டி வரும், சென்னையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகும். மகன் முகுந்தன் இடம் சொல்லி வைத்துவிட்டான். அங்கே ராப்பகல் குளிரூட்டிய அறை, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க ஆள். படுக்கைப் புண் ஒன்று வந்து ஆறியிருக்கிறது, இந்த வெயிலில் வேர்த்து வேர்த்து இன்னொன்று வந்தால் ஆறாது, அறை இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஏப்ரலில். இப்போது மே. வேலூர் மே. சுற்றியிருக்கிற மலையெல்லாம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிற ஊர்.

"உன்னால முடியலன்னு சொல்றதுல தப்பே இல்லம்மா," என்று முகுந்தன் புனேயிலிருந்து போனில் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம், திட்டிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஏசி பதினெட்டில் ஓடுகிறது, அறை முப்பத்தொன்றில் நிற்கிறது. மெக்கானிக் மூன்று தடவை வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனான். பெரிய மெஷின் போடலாமா என்றால் எலக்ட்ரீஷியன் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வயர் உங்க கல்யாணத்தப்ப போட்டதா? ரெண்டு டன் மாட்டினா வீடே பொகஞ்சிடும்," என்று சிரித்தான். கடைசியில் முகுந்தனே ஒரு வழி சொன்னான். வீட்டில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், எனர்ஜி ஆடிட் என்று பெயர், அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம், அதற்கப்புறம் நீ பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஆடிட் அவளுக்குத் தெரியாத வார்த்தை இல்லை. முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஆடிட் என்றால் சஃபாரி உடுப்புப் போட்ட இரண்டு பேர் வந்து உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு யாருடைய குற்றம் என்று கண்டுபிடித்துவிட்டுப் போவார்கள். அதனால் இன்றைக்குக் காலை ஆறு மணிக்கே வீட்டைத் துடைத்து, மின்விசிறி இறக்கையைக்கூடத் துடைத்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள், கரண்டுக்குப் புடவை தெரியும் என்பதுபோல. வந்தவளோ ஸ்கூட்டரில் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க ஆன்ட்டி, அப்புறம் உங்க வீட்டைத் திட்டறேன்," என்றாள். ஒரு கிடுக்கி மாதிரியான கருவியை வாய் பிளக்க வைத்து ஒவ்வொரு வயராகக் கவ்விப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுத்தாள், தாள் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் போயிடுச்சு. பாலை ஜில்லுன்னு வெக்கறதுக்கா, சமையலறையை ஜில்லுன்னு வெக்கறதுக்கா இதை வாங்குனீங்க?" ஸ்டெபிலைசரைத் தொட்டுப் பார்த்து, "இது வேலையே செய்யாம சூடாயிட்டிருக்கு, ரிட்டயர்மென்ட் குடுத்துடுங்க," என்றாள். குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது, ஆனால் எல்லாரும் சாமான்கள். பரிமளாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. அவருடைய அறைக்குள் நுழைகிற வரைக்கும்.

அங்கே அவள் வேறொரு கருவியை எடுத்தாள், செங்கல் அளவுக்கு ஒரு கேமரா, முகத்தைப் பார்க்காது, சூட்டை மட்டும் பார்க்கும். அதன் திரையில் மேற்கூரை அடுப்புத் தணலாக எரிந்தது. ஜன்னல் சட்டம் மஞ்சள். ஏசியின் வாய் கருநீலம். பிறகு அது தற்செயலாகக் கட்டில் பக்கம் திரும்பியபோது பரிமளா பார்த்துவிட்டாள். தணிகாசலம் இடப்பக்கம் ஆரஞ்சாகவும் வலப்பக்கம், அந்தக் கை, முழங்கைக்குக் கீழே, பச்சையும் நீலமுமாக, சாயங்கால ஏரி மாதிரி. "அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் கம்மி, அதான்..." என்று தொடங்கிய ஷாஹிதா நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவை இறக்கினாள். "இல்லம்மா, காட்டு," என்றாள் பரிமளா. ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்த உடம்பை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. தை மாதம் அந்தக் கை எங்கே போயிற்று என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அது இங்கே இந்த நீலத்துக்குப் போயிருக்கிறது. அவளுடைய கை அவர் தோளுக்குப் பக்கத்தில் விரிப்பின்மேல் ஊன்றியிருந்தது, எடுத்தாள். எடுத்த பிறகும் திரையில் அது அங்கேயே இருந்தது. ஐந்து விரலோடு, மோதிர இடம் மட்டும் கொஞ்சம் மங்கலாக, மஞ்சளாக ஒரு கை, கையில்லாத கை. "நீங்க வெச்ச இடம் ஆன்ட்டி. கொஞ்ச நேரம் இருக்கும்," என்றாள் ஷாஹிதா. அது ஓரத்திலிருந்து கரைந்தது, கடைசியாக உள்ளங்கை. இத்தனை மாதத்தில் இந்தப் படுக்கையில் எத்தனை கைகளை வைத்துவிட்டு எடுத்திருப்பாள், ஒவ்வொன்றும் அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரிடம் சொல்வது, சொன்னால் என்னவென்று சொல்வது. கத்தி புடலங்காயின் விதையில் போய் நின்றது. பதினொன்று பதினாறு.

அப்புறம்தான் அந்த ஊதுபத்தி. "என் பையில இருந்தது உடைஞ்சு தூளாயிடுச்சு. வீட்டுல ஒண்ணு இருக்குமா? காத்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு புகைதான் காட்டிக்குடுக்கும்." இருந்தது. பிரிக்காத பாக்கெட். அவள் தயங்கியதை அந்தப் பெண் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "சாமிக்கு வெச்சதா இருந்தா வேணாம்," என்றாள். சாமி இல்லை. பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் அவர் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆம்புலன்ஸில் வீட்டுக்குத் திரும்பியபோது எப்படியோ அவர் போய்விட்டார் என்று தெருவில் தப்பாகச் சேதி பரவிவிட்டது. சாவி வைத்திருந்த எதிர்வீட்டு லோகநாதன், நல்ல மனுஷர், எல்லாவற்றிலும் ஒரு படி முன்னால் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர், வாசலில் நாற்காலிகள் போட்டு, கூடத்தைக் காலி செய்து, வாழைப்பழத்தில் ஒரு கொத்து ஊதுபத்தியைக் குத்திக் கொளுத்தி வைத்துவிட்டார். அந்தப் புகைக்குள்தான் ஸ்ட்ரெச்சர் வந்தது. தணிகாசலம் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். பழத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் முகம் அன்றைக்குப் போன போக்கு. அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறவில்லை, மனைவியிடம் இட்லி கொடுத்து அனுப்புவார், தெருவில் பார்த்தால் செருப்பைப் பார்ப்பார். பரிமளாவும் ஊதுபத்தி கொளுத்தவில்லை. இன்றைக்கு அவர் தலைமாட்டில் ஷாஹிதா தீக்குச்சியைக் கிழித்தபோது பரிமளா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அந்தப் புகையைத் தொடர்ந்தது. ஜன்னல் பக்கம் புகை கோடு போட்டதுபோல நேராக எழுந்தது. ஏசி குழாய் போகிற துளையருகே லேசாகத் தலை சாய்த்தது. கதவுக்கு வந்ததும் யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல அப்படியே படுத்து, அந்த நாலு விரல் இடைவெளி வழியாகக் கூடத்துக்கு ஓடியது. பத்தியைத் தலைக்கு மேலே உயர்த்தினால் புகை திரும்பி உள்ளே வந்தது. "இங்கதான் போகுது ஆன்ட்டி எல்லாம். ஜில்லு கீழ வழிஞ்சு வெளிய ஓடுது, கூடத்துச் சூடு மேல வழியா உள்ள ஏறுது. கதவைத் திறந்து வெச்சுட்டு கூடத்துக்கும் தெருவுக்கும் சேர்த்து ஏசி போட்டிருக்கீங்க. யாரு இந்தக் கதவை இப்படி வெக்கறது?" கீழே அண்டக்கொடுத்திருந்த, நாலாக மடித்த பழைய துண்டைப் பரிமளா பார்த்தாள். "நான்தான்," என்றாள். ஆகக் குற்றவாளி கிடைத்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவர் இடது கையைத் தூக்கினார், ம், ம் என்று தொண்டைக்குள் ஒரு முனகல், உள்ளங்கையை விரித்து அவளை நோக்கி, கதவை நோக்கி, தள்ளினார். மறுபடி தள்ளினார்.

அந்தக் கை. அதைப் பற்றி அவள் முகுந்தனிடம் சொன்னதில்லை, டாக்டரிடமும் சொன்னதில்லை. வந்த நாள் முதலாக ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அவள் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்து கதவருகே போய்த் திரும்பிப் பார்ப்பாள், துண்டைச் சரிசெய்வாள், அவர் கையைத் தூக்கித் தள்ளுவார். போ. வாய் போன மனுஷருக்கு அவளிடம் சொல்ல இருக்கிற ஒரே சேதி அதுதான். போ, என் பக்கத்தில் நிற்காதே, என்னை இப்படிப் பார்க்காதே. அல்லது அதைவிட மோசம், என்னை அனுப்பிவிடு, பையன் சொல்வதுதான் சரி. அந்தக் கைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் கதவை இன்னும் ஒரு விரல் திறந்துவைத்தாள், அடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, தான் போய்விடவில்லை என்று காட்டுவதற்காக. ஒரு நாள், ஏப்ரலில், விரிப்பை மூன்றாம் முறை மாற்றிய நாள், அந்தக் கையின் பேச்சைக் கேட்டுப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு கணம்தான். அந்தக் கணம் இன்னும் எங்கேயோ உள்ளே கிடக்கிறது, புடவையில் குத்திவிட்டு மறந்துபோன ஊசி மாதிரி. இப்போது கதவு மூடியிருக்கிறது, காது வெறுமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர், வெளியே ஏசிப் பெட்டியின் உறுமல், தெருவில் தர்பூசணிக்காரனின் ஒலிபெருக்கி, எல்லாம் கேட்கிறது, அந்த ஒன்று இல்லை. எக்ஸ்சேஞ்சில் அவள் காதுக்கு ஒரு பேர் இருந்தது. வெளியூர் டிரங்க் காலில் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனால் மற்றவர்கள் லைன் போச்சு என்று இணைப்பு வயரை இழுத்துவிடுவார்கள், அவள் மாட்டாள். செத்த லைனின் மௌனம் வேறு, அழுதுகொண்டிருக்கிறவர்களின் மௌனம் வேறு, அவளுக்குத் தெரியும். "இருங்க, ஆள் இருக்காங்க," என்பாள். இந்தக் கதவின் மௌனம் எது. "ஆன்ட்டி, கவலையே படாதீங்க, மணி இருக்குல்ல," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது, அவள் நினைத்ததை உரக்கச் சொல்லிவிட்டதுபோல. மணி இருக்கிறது. வயர் இல்லாத வாசல் அழைப்பு மணியின் பொத்தானைக் கழற்றி, அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் சட்டத்தில் ஒட்டிவைத்து, "அங்கிள், என்ன வேணும்னாலும் அமுக்குங்க, ஒண்ணும் வேணாம்னாலும் அமுக்குங்க," என்று ஷாஹிதாதான் சொல்லிவிட்டு வந்தாள். குருவி கத்துகிற மணி. அவர் ஆசையாக வாங்கி வந்தது, இவள் மானம் போகிறது என்று சண்டை போட்டது. அவர் கேட்டுக்கொண்டாரா, புரிந்துகொண்டாரா, தெரியாது. பதினொன்று இருபத்து நாலு. குருவி கத்தவில்லை. கத்தாதது நல்லதற்கா.

"அங்கிள் எங்க வேலை பார்த்தாரு?" ஷாஹிதா தண்ணீர் பிடிக்க வந்தவள் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். சர்க்கரை ஆலையில், பாய்லர் சூப்பர்வைசர் என்று பரிமளா சொன்னாள். "அட, பாய்லரா! நான் ட்ரெயினிங் போனதே ஒரு பாய்லர் ஹவுஸுக்குத்தான். அப்போ இந்த வேலைக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? பாய்லர் ஆளுங்க ஊசி முனைல ஆவி ஒழுகினாலே ராத்திரி தூங்க மாட்டாங்களே." "தூங்க மாட்டார்," என்றாள் பரிமளா, பேச்சுக்கு. சொன்ன பிறகு அந்த வார்த்தை அங்கேயே நின்றது. தூங்க மாட்டார். குழாய் சொட்டினால் எழுந்துபோய் மூடுவார். அடுப்பில் பாத்திரம் மூடாமல் கொதித்தால் கூடத்திலிருந்து, கூடத்திலிருந்து என்ன செய்வார்? கூப்பிட மாட்டார். வாயைத் திறந்து சொல்கிற பழக்கம் இல்லை, ஆலைச் சத்தத்தில் வாய்க்கு வேலை இல்லை. கல்யாணமான புதிதில் கரும்பு அரவை நடக்கிற தை மாசி மாதம் ஒரு தடவை சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு இவளே போனாள். அந்தச் சத்தம் காதில் கேட்கிற சத்தமாக இல்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. டெலிபோன்காரிக்கு அன்றைக்குக் காது இருந்தும் இல்லை. அவர் மேலே இரும்பு மேடையில் நின்றார், காக்கிச் சட்டை, நெற்றியில் கரி. கீழே உலையின் கதவு திறந்திருந்தது, உள்ளே சூரியனை வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவர் இவளைப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கினார், வலது கையில் ஏதோ பிடித்திருந்தார், உள்ளங்கையை விரித்துக் காற்றில் தள்ளினார். மறுபடி தள்ளினார். கீழே இருந்த ஆள் ஓடிப்போய் உலைக் கதவை அறைந்து சாத்தினான். சாப்பிடும்போது, அது என்ன, சாமியாடி மாதிரி என்று இவள் கேட்டதற்கு, "மூடுன்னு அர்த்தம். திறந்து கெடந்தா அத்தனையும் வீண்," என்றார். அதற்கப்புறம் வீட்டிலும் அதே கைதான். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற முகுந்தனுக்கு அந்தக் கை. மழைச்சாரலில் திறந்துகிடக்கிற ஜன்னலுக்கு அந்தக் கை. "எங்க வீட்டுல டிராஃபிக் போலீஸ் இருக்காரு," என்று இவளே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எத்தனை வருடம் சிரித்தாள், எப்போது மறந்தாள்.

கத்தியைக் கீழே வைத்தாள். போ இல்லை. நாலு மாதமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை அந்த மனுஷர், ஒரு பக்கம் நீலமாகிப்போன மனுஷர், இருக்கிற ஒரே கையால், ஏசி போட்ட அறையின் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஒரு பைத்தியக்காரப் பெண்பிள்ளையிடம் அதை மூடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவளோ ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு விரல் திறந்திருக்கிறாள். படுத்தபடிக்கு அவர் எப்படிப் பல்லைக் கடித்திருப்பார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வருவதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது. "ஆன்ட்டி, என்னாச்சு?" என்று ஷாஹிதா பயந்துபோய்த் தோளைத் தொட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு. என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருக்காரு," என்றாள் பரிமளா. "யாரு?" "அவருதான். நாலு மாசமா. எனக்குத்தான் தெரியல." தெருவெல்லாம் கேட்கும்படி யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்த இந்தப் பெண்ணுக்கு, அவள் பையில் உடைந்துபோன ஊதுபத்திக்கு, படுத்து ஓடிய அந்தப் புகைக்கு, இந்த யோசனையைச் சொன்ன முகுந்தனுக்கு. அவசரக்கார லோகநாதனுக்கும்தான். பாவம், சாயங்காலம் அவரைக் கூப்பிட வேண்டும், வந்து அவர் எதிரில் உட்காருங்கள், அவர் உங்களை ஒன்றும் நினைக்கவில்லை, அவருக்கு வேறு கவலை இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் வெப்பமானி. கதவு ஒன்றுதான் காரணமா. மூடியும் முப்பதிலேயே நின்றால். அப்போது புரிந்துகொண்டதும் ஒன்றாம் தேதி வண்டியும் ஒன்றாக வரும், புரிந்துகொண்ட பிறகு அனுப்புவது அதற்கு முன்னால் அனுப்புவதைவிட எவ்வளவு கஷ்டம். பதினொன்று முப்பத்திரண்டு.

குருவி கத்தியது. இருவருமே வாசலைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி கத்தியது, விடாமல், பொத்தானிலிருந்து விரலை எடுக்கத் தெரியாத குழந்தை அமுக்குவதுபோல. "ஆன்ட்டி, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு," என்றாள் ஷாஹிதா, சொல்லிக்கொண்டே அவளும் கிளம்பிவிட்டாள். பரிமளாவின் கால் முந்திவிட்டது. கைப்பிடியைத் திருப்பித் தள்ளியபோது உள்ளேயிருந்து வந்து முகத்தில் பட்டது, அருவிக்கரையில் நிற்கும்போது படுவதுபோல, அவள் நாலு மாதமாகத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குளிர். கட்டில், விரிப்பு, அவர். மூச்சு இருக்கிறது, சீராக. இடது முழங்கையில் நரைத்த ரோமம் சிலிர்த்து நின்றது. குளிருகிறது இவருக்கு! வேலூரில், மே மாதத்தில், பதினொன்றரை மணிக்கு. அதைச் சொல்லத்தான் அமுக்கியிருக்கிறார். பொத்தானிலிருந்து கையை எடுத்தார். காலடியில் மடித்துக் கிடந்த போர்வையைக் கண்ணால் காட்டினார். பிறகு திறந்துகிடந்த கதவைப் பார்த்தார், நெற்றி சுருங்கியது, ம், ம் என்றார், கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்துத் தள்ளினார்.

"தெரியுது, தெரியுது," என்றாள் பரிமளா. "கத்தாதீங்க." உள்ளே வந்து, தன் முதுகுக்குப் பின்னால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். பழைய பெட்டி மூடுகிற சத்தம். கை மெல்ல இறங்கி விரிப்பில் விழுந்தது. அந்த முகத்தில் இவ்வளவு நிம்மதியை அவள் ஆஸ்பத்திரிக்குப் பிறகு பார்த்ததில்லை. "ஆன்ட்டி! என்ன காட்டுது?" என்று வெளியிலிருந்து ஷாஹிதா கேட்டாள், கதவுக்கு அந்தப் பக்கம் குரல் எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருவதுபோல இருந்தது. பரிமளா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தாள். "இருபத்தேழு," என்று சொன்னாள், கதவைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்தினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த நீலக் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தாள். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை.